ஏறத்தாழ எல்லாப் புள்ளிகளுக்கும்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒரு கணித இதழிலிருந்து கட்டுரை ஒன்று வந்திருக்கிறது. படித்துப் பார்த்து சரியா, தப்பா என்று சொல்ல வேண்டும். நடுவர் வேலை. சம்பளம் கிடையாது, புகழ் கிடையாது. எழுதியவருக்கு நடுவர் யாரென்று தெரியாது; நடுவருக்கு மட்டும் எழுதியவர் யாரென்று தெரியும். வெளியே மூச்சு விடக் கூடாது. என்னைப் போல வாய் சும்மா இருக்காத ஒருத்திக்கு இது கொஞ்சம் அதிகப்படியான தண்டனை. அதனால்தான், என் வீட்டுக்காரர் வங்கியிலிருந்து கொண்டுவந்து ஜனவரி முதல் சும்மா கிடந்த இந்த டயரியை எடுத்தேன்.

ஐம்பத்திரண்டு பக்கம். தலைப்பைப் படித்ததுமே நெஞ்சு திக்கென்றது. நான் வருஷக்கணக்காக மாரடித்துக்கொண்டிருக்கும் அதே கணக்கு. தலைப்புக்குக் கீழே பெயர்: க. செண்பகவல்லி.

எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். பிறகு ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அமுக்கினேன். வேறு யாருக்காவது போகட்டும் என்று விட்டிருக்கலாம். விட மனசில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செண்பாவும் நானும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தவர்கள். விடுதியில் ஒரே அறை. அவள் கோவில்பட்டி, நான் பாளையங்கோட்டை. சென்னைப் பிள்ளைகள் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். நாங்கள் வேண்டுமென்றே இன்னும் சத்தமாகப் பேசுவோம். இப்போது அவள் ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஒன்றும் பிரமாதமில்லை. பூனாவில் ஒரு மாநாடு. அவள் பலகையில் தன் நிறுவலை எழுதிக்கொண்டிருந்தாள். ‘இந்தத் தொகை சிறியது’ என்று ஒரு வரி வந்தது. ‘ஏன் சிறியது?’ என்று கேட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவளுக்குப் பதில் தெரியவில்லை. நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க மார்க்கரை மூடினாள், திறந்தாள், திரும்ப மூடினாள். நிறுவல் அங்கேயே விழுந்தது.

கணக்கில் கேள்வி கேட்பது குற்றமா? அதற்காக ஒருத்தி ஆறு வருஷம் பேசாமல் இருப்பாளா? இருக்கிறாளே. நானும் கூப்பிடவில்லை. எனக்கென்ன தலையெழுத்து?

ஆகஸ்ட் 9, சனி

சாப்பிடும்போது இவர் கேட்டார்: “அப்படி என்னதான் பியூலா, நாள் பூராவும் நீ அந்தக் காகிதத்துல பாக்குதே?”

பெயரைச் சொல்லாமல் கணக்கை மட்டும் சொன்னேன். ஒரு கோட்டில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதற்குப் பக்கத்தில் பின்னங்கள் வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு அடிக்கடி என்பதுதான் கேள்வி. இதில் பின்னத்தின் கீழே பகா எண் மட்டும்தான் இருக்கலாம். கோடு நேர்கோடு அல்ல, வளைந்த கோடு. போதாததற்கு எல்லாப் பின்னங்களையும் சேர்த்துக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். எவ்வளவு தள்ளினாலும் விடை மாறக் கூடாது. ஏறத்தாழ எல்லாப் புள்ளிகளுக்கும் இது நடக்கும் என்பதுதான் நிரூபிக்க வேண்டிய தேற்றம்.

“அதென்ன ஏறத்தாழ?”

“கண்ணை மூடிட்டுக் கோட்டுல ஒரு புள்ளியைத் தொட்டீங்கன்னா அது நல்ல புள்ளியாத்தான் இருக்கும். விலகுன புள்ளிகளும் உண்டு. ஆனா அதையெல்லாம் சேத்து அளந்தா நீளம் பூஜ்யம்.”

“சரி, நான் ஒரு புள்ளியைக் கையில குடுத்து, இது நல்லதா கெட்டதான்னு கேட்டா?”

“சொல்ல முடியாது.”

“நல்ல தொழில்தான்,” என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். இவர் வங்கிக் கிளையில் மேலாளர். கையில் கொடுத்ததைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறார்.

ஆகஸ்ட் 13, புதன்

எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் பட்டாபிராமன் அறைக்கு வரச் சொன்னார். காபி கொடுத்தார். அவர் காபி கொடுத்தால் விஷயம் கசப்பாக இருக்கும்.

“பியூலா, நவம்பர்ல கமிட்டி கூடறது. உங்க அஞ்சு வருஷ ஒப்பந்தம் முடியறது. நிரந்தரம் பண்ணணும்னு எனக்கு ஆசைதான். ஆனா மூணு வருஷமா ஒரு பேப்பரும் இல்லையே? நான் எதைக் காட்டிப் பேசறது?”

பெரிய தேற்றம் ஒன்று முக்கால்வாசி முடிந்திருக்கிறது என்றேன். பொய்யில்லை. பூனாவில் செண்பா பதில் சொல்ல முடியாமல் விட்ட அந்தத் தொகையை நான் எடுத்துக்கொண்டேன். அது சிறியதுதான் என்று மட்டுமல்ல, எவ்வளவு சிறியது என்றும் நிரூபிக்க நான்கு வருஷம் ஆனது. எட்டுப் பக்கம். உலகத்தில் வேறு யாரிடமும் அது இல்லை. தனியாக வெளியிட்டால் வெறும் கருவி என்பார்கள் என்று, முழுத் தேற்றத்துக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வளைகோட்டை எப்படிக் கையாள்வது என்பதுதான் வரவில்லை. அந்த இடத்தில் வந்து வண்டி நின்றுபோயிற்று.

“நவம்பருக்குள்ள வருமா?” என்றார்.

“வந்துடும் சார்.”

இதை ஏன் சொன்னேன்? வாய்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கட்டுரையின் மூன்றாம் பிரிவைப் படித்தேன். வளைகோட்டை நேரடியாகத் தொடவே இல்லை அவள். சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதன் தொடுகோட்டோடு சேர்த்து ஒரு பரிமாணம் மேலே தூக்கிவிடுகிறாள். மேலே போனதும் எல்லாம் நேராகிவிடுகிறது. ஆறே பக்கம். அடடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் வயிறு எரிந்தது. எனக்கு ஏன் இது தோன்றவில்லை? இரண்டு வருஷமாக அந்தச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் கதவைத் திறந்துகொண்டு போகிறாள். மத்தியானம் மீன் குழம்பில் உப்பே போடவில்லை. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிற ஆள் இன்றைக்கும் வரவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஒன்று உறுத்துகிறது. கட்டுரையை முடித்ததும் எல்லாரும் முதலில் இணையத்தில் போடுவார்கள். பொதுவான இடம் ஒன்று இருக்கிறது. அங்கே போட்டுவிட்டால் தேதியோடு உங்கள் பெயர் நின்றுவிடும், பிறகு யாரும் உரிமை கொண்டாட முடியாது. செண்பா போடவில்லை. மூன்று தடவை தேடிப் பார்த்தேன். இந்தக் கட்டுரை இருப்பது அவளுக்கும், இதழின் ஆசிரியருக்கும், எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அவ்வளவு அசடு இல்லையே அவள்?

செப்டம்பர் 6, சனி

கண்டுபிடித்துவிட்டேன். நாற்பத்தோராம் பக்கம், கீழிருந்து ஐந்தாவது வரி. ஓட்டை.

மூன்று தடவை சரிபார்த்தேன். ஓட்டைதான். துணி துவைக்கப் போட்டேன், அலமாரியைத் துடைத்தேன், காலையில் மிஞ்சிய இட்லியை உதிர்த்து உப்புமா செய்தேன்.

“என்ன, இன்னைக்குப் பாட்டெல்லாம் பலமா இருக்கு?” என்றார் இவர்.

நான் பாடவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வரும் வழியில் காரில் இவரிடம் ஓட்டையை விளக்கினேன். “ஒரு வகுப்புல தினமும் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் வருது. ஒண்ணு ரெண்டுதான் வராது. அப்படின்னா வருஷம் பூரா ஒரு நாள்கூடத் தவறாம வந்த பிள்ளைன்னு யாராவது இருப்பாங்களா?”

“இருக்கணும்னு இல்லையே. இன்னைக்கு ஒருத்தன், நாளைக்கு இன்னொருத்தன்னு மாத்தி மாத்தி மட்டம் போட்டா ஒருத்தனும் மிஞ்ச மாட்டான். எங்க கிளையில அதான் நடக்குது.”

“அதேதான். ஒவ்வொரு தள்ளலுக்கும் விலகுற புள்ளிகளோட நீளம் பூஜ்யம்னு நிரூபிச்சிருக்காங்க. அது சரி. அடுத்த வரியில, அதனால எல்லாத் தள்ளலுக்கும் சேத்தே பூஜ்யம்னு எழுதிட்டாங்க. தள்ளல்கள் எண்ணித் தீராதது. மாத்தி மாத்தி மட்டம் போட்டா கோட்டுல ஒரு புள்ளிகூட மிஞ்சாமப் போயிரலாம்.”

“இவ்வளவு பெரிய ஆளுங்க இதுல விழுவாங்களா?”

“எங்க ஆளுங்க மட்டும்தான் இதுல விழுவாங்க. ‘ஏறத்தாழ எல்லா’ன்னு தினமும் நூறு தடவை சொல்லிச் சொல்லி, ‘ஏறத்தாழ’ங்கிறது காதுலயே விழாமப் போயிரும்.”

“பாவம்,” என்றார்.

யாரைப் பாவம் என்கிறார்?

செப்டம்பர் 10, புதன்

அறிக்கை எழுத ஆரம்பித்தேன். ‘நாற்பத்தோராம் பக்கத்தில் உள்ள பிழை அடிப்படையானது. முக்கியத் தேற்றம் நிறுவப்படவில்லை. வெளியிடப் பரிந்துரைக்க இயலாது.’ மூன்று வாக்கியம். மூன்றும் உண்மை. நடுவர் ஓட்டையைக் காட்டினால் போதும். அடைத்துக் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சேமித்து வைத்தேன். அனுப்பவில்லை. ஒரு பின்னக் குறியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

இதழாசிரியரிடமிருந்து நினைவூட்டல். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். பின்னாலேயே இயக்குநரிடமிருந்தும்: கமிட்டிக்குப் போகும் சுருக்கத்தில் என் தேற்றத்தின் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். ‘சேர்க்கலாம்’ என்று பதில் போட்டேன். வேறு என்ன சொல்வது? வேலை போனால் இந்த வயதில் எந்தப் பொறியியல் கல்லூரியில் போய் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தொகையீடு நடத்துவது?

செப்டம்பர் 18, வியாழன்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என் பழைய கோப்பைத் திறந்தேன். வண்டி நின்றுபோன இடத்துக்கு வந்தேன். அங்கே வளைகோட்டைத் துண்டு போட்டு மேலே தூக்கினால் என்ன ஆகிறது என்று பார்த்தேன். சும்மா, பொருந்துகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். பொருந்தியது. பொருந்தியது மட்டுமல்ல, என் எட்டுப் பக்கத்தோடு சேர்ந்ததும் ஓட்டை எதுவும் இல்லாமல் முழுத் தேற்றமும் கடகடவென்று இறங்கி வந்தது. நான்கு பக்கம் எழுதிவிட்டேன். எழுந்து அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். சந்தோஷத்தில்தான்.

இவர் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, “என்ன, முகமே ஒரு மாதிரி இருக்கு? வந்துருச்சா?” என்றார்.

“வந்துருச்சு.”

“எப்படித் திடீர்னு?”

“திடீர்னுதான் வரும்.”

கட்டிப்பிடித்துக்கொண்டார். இரவு ஓட்டலில் பிரியாணி சொல்லலாம் என்றார். எனக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். பொருத்திப் பார்ப்பது திருட்டாகாது. அனுப்பினால்தானே?

செப்டம்பர் 20, சனி

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் ‘வெளியிட இயலாது’ என்று அனுப்பினால் அவள் ஓட்டையோடு போராட வேண்டும். அதை அடைக்க என் எட்டுப் பக்கம் வேண்டும். அது அவளிடம் இல்லை. ஒரு வருஷமாவது ஆகும். அதற்குள் என்னுடையது வந்துவிடும். மூன்றாம் பிரிவை அப்படியே வைக்க வேண்டாம், கொஞ்சம் மாற்றி எழுதலாம். ஒரே விஷயம் இரண்டு பேருக்குத் தனித்தனியாகத் தோன்றுவது எங்கள் துறையில் புதிதில்லை. அவள் இணையத்தில் போடவும் இல்லை. யார் கேட்கப் போகிறார்கள்?

இது யோசனைதான். யோசிப்பதற்கு யாரும் வரி போடவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பிரசங்கத்தில் மனசு நிற்கவில்லை. பூனாவே ஓடிக்கொண்டிருந்தது. மாநாட்டு விருந்தினர் விடுதி நன்றாக இருக்கும், சுற்றிலும் வேப்பமரம். அவள் பேச்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் அறையில் இரண்டு பேரும் தோசை வாங்கிவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் தன் காகிதங்களைக் கையில் கொடுத்தாள். எனக்கு நல்ல பசி. புரட்டினேன், சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் பலகையில் அந்த வரி வந்தபோதுதான் கேள்வி தோன்றியது.

செப்டம்பர் 23, செவ்வாய்

கொசுவலை ஆள் வந்தார். அளவு எடுத்துக்கொண்டு, வலை கொண்டுவர மறந்துவிட்டேன் என்று போய்விட்டார்.

செப்டம்பர் 24, புதன்

ஓட்டையை அடைப்பதற்கு வேறு வழி இருக்கிறதா என்று இன்று முழுவதும் பார்த்தேன். என்னுடைய எட்டுப் பக்கம் இல்லாமல். இல்லை. எல்லாத் தள்ளல்களையும் பார்க்க முடியாதுதான். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வலையை விரித்து, வலையின் முடிச்சுகளில் விழும் தள்ளல்களை மட்டும் பார்த்தால் போதும். முடிச்சுகளை எண்ணி முடித்துவிடலாம். பகா எண்கள் பெரிதாகப் பெரிதாக வலைக்கண்ணும் பொடிசாக வேண்டும். முடிச்சுகள் பெருகும். அவை பெருகுகிற வேகத்தைவிட விலகும் புள்ளிகள் வேகமாகக் குறைந்தால் ஓட்டை அடைபட்டுவிடும். அவளிடம் இருக்கும் மதிப்பீடு அவ்வளவு வேகமாகக் குறையாது. என்னுடையது குறையும்.

ஆக, அவளுடைய மூன்றாம் பிரிவும் என்னுடைய எட்டுப் பக்கமும் சேர்ந்தால் தேற்றம். அவள் எழுதினாலும் நான் எழுதினாலும் அதே கட்டுரைதான். மேலே இருக்கப்போகும் பெயர்தான் வேறு.

அந்த நான்கு பக்கம் இப்போது பதினொன்றாகிவிட்டது.

செப்டம்பர் 26, வெள்ளி

எங்கள் துறையில் வாராந்தரப் பேச்சு. புதிதாகச் சேர்ந்திருக்கும் சௌந்தரராஜ் பேசினார். ஆரம்பிக்கும் முன்பே, “பியூலா மேடம் முதல் வரிசையில இருக்காங்க, எனக்காக எல்லாரும் வேண்டிக்குங்க,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பட்டாபிராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இருபதாவது நிமிஷத்தில் ஒரு வரி வந்தது. தப்பு. ஒரு எல்லை மதிப்பைத் தொகையீட்டுக்கு உள்ளே கொண்டுபோயிருக்கிறார், கொண்டுபோக முடியாது. என் கை தானாக உயர்ந்தது. அவர் பார்த்துவிட்டார். அந்த முகம்! நான் வாயைத் திறக்கவே இல்லை, அதற்குள் மார்க்கரை மூடிவிட்டு நிற்கிறார்.

“மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டுங்க,” என்று சொல்லிக் கையை இறக்கினேன்.

தேநீர் நேரத்தில் அவரைத் தனியாக ஓரம் கட்டி அந்த வரியைச் சொன்னேன். காகிதத்தில் எழுதிப் பார்த்தவர், “ஆமா மேடம்,” என்றார். பிறகு தயங்கித் தயங்கி, “நேத்தே உங்ககிட்ட காட்டலாம்னு உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தேன் மேடம். தைரியம் வரல,” என்றார்.

“கேட்டிருந்தா நேத்தே சொல்லியிருப்பேனே.”

“அப்படியா மேடம்?” என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அழுகை வந்தது. தெருவில் அழக் கூடாது என்று காய்கறிக் கடையில் நின்று தேவையில்லாமல் ஒரு கிலோ சேனைக்கிழங்கு வாங்கினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பதினொரு பக்கத்தையும் அழித்தேன். கணினியின் குப்பைக்கூடையில் இருந்தும் அழித்தேன். பிறகு செண்பாவின் பக்க எண்களைப் போட்டு அறிக்கையைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன். இவர் வந்து எட்டிப் பார்த்து, “தேற்றம் எழுதுதியா?” என்றார்.

“ஆமா.”

“உன்னோடதா?”

“தெரியல.”

சேனையை வறுத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாக்கு அரித்தது. சொல்லவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

அனுப்பிவிட்டேன். ஓட்டை எங்கே என்று இரண்டு பக்கம். அடைப்பது எப்படி என்று எட்டுப் பக்கம், முழு நிறுவலோடு. ‘திருத்தங்களுக்குப் பின் வெளியிட வலுவாகப் பரிந்துரைக்கிறேன். மூன்றாம் பிரிவு மிக அழகானது.’ கடைசி வாக்கியத்தை மட்டும் போடுவதா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். போட்டேன்.

அக்டோபர் 1, புதன்

என்ன காரியம் செய்துவிட்டேன்! நான்கு வருஷம்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலில் வலை இல்லாததால் கொசு பிய்த்து எடுக்கிறது. கமிட்டிக்கான சுருக்கத்தில் இருந்து என் தேற்றத்தின் பெயரை எடுத்துவிடச் சொல்லி இயக்குநருக்கு எழுதினேன். உடனே போன் செய்தார்.

“என்னாச்சு? வந்துடும்னேளே?”

“வேற ஒருத்தர் முடிச்சுட்டாங்க சார்.”

“அடக் கடவுளே. யாரு?”

“வெளியாகட்டும் சார், தெரியும்.”

நவம்பர் 12, புதன்

கமிட்டி. ஏழு பேர், ஒரு நீள மேசை, முந்திரி பிஸ்கட். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், “கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் பங்களிப்பு என்ன?” என்று கேட்டார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நடுவராக இருந்து செய்ததைச் சொல்ல முடியாது. “யோசிச்சுக்கிட்டிருந்தேன்,” என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

நவம்பர் 19, புதன்

நிரந்தரம் இல்லை. ஒரு வருஷம் நீட்டிப்பு. அதற்குப் பட்டாபிராமன் சண்டை போட்டாராம். இவரிடம் சொன்னேன்.

“அந்தத் தேற்றம் வந்துருச்சுன்னியே பியூலா?”

“போயிருச்சு.”

“நீ பாடுறதை நிறுத்துன அன்னைக்கே நெனச்சேன்,” என்றார். என்ன நினைத்தார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாடகை, தவணை எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு இந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு தடவையாவது திட்டலாமில்லையா?

நவம்பர் 27, வியாழன்

இதழாசிரியரிடமிருந்து கடிதம். திருத்திய கட்டுரை வந்துவிட்டதாம். அந்த எட்டுப் பக்கத்துக்கு நடுவரின் பெயரைப் போட்டு நன்றி சொல்ல எழுதியவர் விரும்புகிறாராம், எனக்குச் சம்மதமா? ‘வேண்டாம்’ என்று எழுதினேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பெயரைப் பார்த்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, எனக்குத்தான்.

டிசம்பர் 3, புதன்

கொசுவலை அடித்தாகிவிட்டது. கடைசியில். ஒரு மூலையில் இடைவெளி விட்டிருக்கிறார். பஞ்சு வைத்து அடைத்தேன்.

டிசம்பர் 6, சனி

காலையில் தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போது போன் அடித்தது. தெரியாத எண்.

“பியூலா, நான் செண்பா.”

அடுப்பை அணைத்தேன். “தெரியுது. குரல் அப்படியேதான இருக்கு,” என்றேன்.

“எப்படிட்டி இருக்கே?”

“இருக்கேன். கொசுவலை போட்டாச்சு.” ஆறு வருஷம் கழித்துப் பேசுகிறவளிடம் சொல்கிற பேச்சா இது? அவள் சிரித்துவிட்டாள்.

“என் கட்டுரை ஒண்ணு ஏத்துக்கிட்டாவ.”

“அப்படியா? சந்தோசம்ட்டி.”

“நடுவர் பெரிய ஓட்டை ஒண்ணைக் கண்டுபிடிச்சுட்டாவ. அடைக்குறதுக்கும் அவுகளே எட்டுப் பக்கம் எழுதிக் குடுத்திருக்காவ. பேரு போடணும்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாவ.”

“நல்ல மனுசனா இருப்பாரு போல.”

“மனுசனோ என்னவோ. அந்த அறிக்கையில பக்கத்துக்குப் பக்கம் ‘ஏன்?’னு இருக்கு.”

நான் வாயைத் திறக்கவில்லை. விதி என்றால் விதி.

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன், கேட்டுக்கோ. கட்டுரை அனுப்பையில, யாருகிட்ட குடுத்துப் பாக்கச் சொல்லலாம்னு மூணு பேரு எழுதச் சொல்லுவாவல்லா? நான் ஒரே ஒரு பேருதான் எழுதினேன். இணையத்துலயும் போடல. அந்த ஒரு ஆளு பாக்காம இது வெளிய போவக் கூடாதுன்னு வச்சிருந்தேன்.”

“ஏன்?” என்று கேட்டுவிட்டேன்.

“பாத்தியா, வந்துருச்சு,” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “பூனாவுல நான் பேசுததுக்கு முந்தின நாள் சாயங்காலம் உன் கையில காகிதத்தைக் குடுத்தேன். ஞாவகம் இருக்கா? நீ மூணாம் பக்கத்துல வந்து நின்னுட்டே. ரொம்ப நேரம். தோசை ஆறிப்போச்சு, நீ ஒரு வாய்கூடத் திங்கல. நான் உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். ‘எல்லாம் சரியா இருக்காட்டி?’ன்னு கேட்டேன். ‘நல்லாருக்கு’ன்னு சொன்னே.”

கையிலிருந்த தோசைக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“மறுநாள் எல்லாரு முன்னாடியும் கேட்டே. சரி, அது போவட்டும். இந்தத் தடவை முந்தியே சொல்லிட்டே. அது போதும்ட்டி.”

“ம்,” என்றேன். ஜனவரியில் சென்னை வருகிறாளாம். வீட்டுக்கு வரலாமா என்று கேட்டாள். வாட்டி என்றேன். வைத்துவிட்டாள்.

இவர் வந்து, “யாரு போன்ல?” என்றார். செண்பா என்றேன். கல்லைத் திரும்பச் சூடாக்கி இரண்டு பேருக்கும் தோசை ஊற்றினேன், சூடாகவே சாப்பிட்டேன்.

பிறகு இந்த டயரியில் செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதிப் பக்கத்துக்குப் போனேன். ‘எனக்கு நல்ல பசி. புரட்டினேன், சரியாகப் பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தது. அந்த வரியை அடித்தேன். அதற்குக் கீழே, மறுநாள்தான் கேள்வி தோன்றியது என்று இருந்த வரியையும் அடித்தேன்.